சக்கர நாற்காலியோடு விமானம் ஏற: கோலாலம்பூரிலிருந்து முதல் பயணம் போகிறவர்களுக்கு

டிக்கெட் பதிவு செய்யும்போது ‘சக்கர நாற்காலி தேவை’ என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நான் முதல் தடவை திருச்சிக்குக் கிளம்பினேன். மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடுப்புக்குக் கீழே எனக்கு அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. விமான நிலைய ஊழியர் ஒருவர் அன்பாகப் பேசிக்கொண்டே என்னைத் தள்ளிக்கொண்டு போனார். விமானத்தின் வாசலில் நிறுத்தி, “இனி மெதுவாக நடந்து போய் உட்காருங்கள்” என்றார். அவர் மேல் தவறில்லை. அவர் கையிலிருந்த தாளில் நான் கொஞ்சம் நடக்கக்கூடியவன் என்றுதான் பதிவாகியிருந்தது.

என் அண்ணன் என்னை முதுகில் சுமந்துகொண்டு 14ஆம் வரிசைவரை போனார். அந்த ஒடுங்கிய பாதையில் என் முழங்கால் ஒவ்வொரு இருக்கையின் கைப்பிடியிலும் இடித்துக்கொண்டே வந்தது. எனக்கு வலி தெரியாது. திருச்சியில் இறங்கி, மாமா வீட்டில் கால்சட்டையைக் கழற்றியபோதுதான் இரண்டு முழங்காலிலும் ரத்தம் கட்டியிருந்ததை அம்மா பார்த்தார்.

அதற்குப் பிறகு பல தடவை பறந்துவிட்டேன். ‘நாற்காலி வேண்டும்’ என்று சொல்வது போதாது, எதுவரை வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். வாசல்வரையா, படிவரையா, இருக்கைவரையா? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கொடுத்துவிட்டால் பாதி சிரமம் தீரும்.

மூன்று எழுத்துகள்

உலகம் முழுவதும் விமான நிறுவனங்கள் மூன்று குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. டபிள்யூ.சி.ஹெச். என்ற எழுத்துகள் மூன்றுக்கும் பொது. கடைசி எழுத்துதான் வேறுபடும்.

‘ஆர்’ என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், ஆனால் நீண்ட தூரம் நடக்க முடியாது என்று பொருள். மூட்டுவலி உள்ள பாட்டி, தாத்தாவுக்கு நம் குடும்பங்களில் கேட்பது பெரும்பாலும் இதுதான். ‘எஸ்’ என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கைவரை தாமே போய்விடுவார். ‘சி’ என்றால் நடக்கவே இயலாது, இருக்கைவரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் கேட்க வேண்டியது ‘சி’. இணையத்தில் வெறும் சரி போட்டால் பல நேரங்களில் ‘ஆர்’ என்றே பதிவாகிவிடுகிறது. எனக்கு நடந்ததும் அதுதான்.

உங்கள் நிலை நாளுக்கு நாள் மாறுவதாக இருந்தால், மோசமான நாளை மனத்தில் வைத்துக் கேளுங்கள். நல்ல நாளில் ஓர் உதவி கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசி

பணம் கட்டிய கையோடு விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். நேரடி உரையாடல் வசதி இருந்தால் அதிலும் எழுதுங்கள், எழுத்தில் ஒரு சான்று இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்கச் சொல்கின்றன. அந்தக் கடைசி எல்லைவரை காத்திருக்காதீர்கள். நடக்க இயலாத பயணிகள் ஒரு விமானத்தில் இத்தனை பேர்தான் என்று சில நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. தீபாவளி, பொங்கல் நேரத்தில் திருச்சி, சென்னை விமானங்களில் அந்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: நாற்காலியின் எடை, மடக்கினால் நீளம், அகலம், உயரம், கையால் தள்ளுவதா மின்சாரத்தில் ஓடுவதா என்ற விவரம். உயரத்தைக் கட்டாயம் அளந்து வையுங்கள். இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் பறப்பவை பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள். 737இன் சரக்கு அறை வாசலின் உயரம் 90 சென்டிமீட்டருக்கும் குறைவு. முதுகுப் பகுதி மடங்காத மின்சார நாற்காலியை அதற்குள் நிமிர்த்தி நுழைக்க முடியாது. படுக்க வைத்தால் ஏதாவது ஒன்று உடையும்.

மின்சார நாற்காலி என்றால் பேட்டரியைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். லித்தியம் பேட்டரியா, கசியாத உலர் வகையா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரியைக் கழற்ற முடியும் என்றால் அதைக் கழற்றி உங்களோடு பயணியர் அறைக்குள் எடுத்துச் செல்ல வேண்டும், அதன் ஆற்றல் அளவு 300 வாட்மணிக்கு மேல் இருக்கக் கூடாது. கூடுதல் பேட்டரி கொண்டுபோவதானால் 300க்கு மிகாமல் ஒன்று, அல்லது ஒவ்வொன்றும் 160க்கு மிகாமல் இரண்டு. வாட்மணி அச்சிடப்படாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் 240. பேட்டரியின் மேல் உள்ள அச்சைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். செக்-இன் முகப்பில் பத்து நிமிடம் விளக்குவதை அந்த ஒரு படம் சொல்லிவிடும். மின்சார நாற்காலிக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவப் படிவம் வேண்டுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நிலையான உடற்குறைக்குப் பொதுவாக அது தேவைப்படாது. அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், ஆக்சிஜன் தேவைப்பட்டால், உடல்நிலை இன்னும் நிலைபெறாமல் இருந்தால் கேட்பார்கள். நம் நிலை நோய் இல்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லலாம். மலேசியாவில் உடற்பேறு குறைந்தோருக்குத் தரப்படும் ஓ.கே.யு. அட்டையைக் கடப்பிதழோடு சேர்த்து வைத்துக்கொள்வது அந்தப் பேச்சைச் சுருக்கும்.

துணையாள் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். விமானப் பணியாளர்கள் உங்களைத் தூக்க மாட்டார்கள், ஊட்ட மாட்டார்கள், கழிப்பறைக்குள் வந்து உதவ மாட்டார்கள். அவர்கள் பணி அதை அனுமதிப்பதில்லை. ஆபத்து நேரத்தில் தாமாக வெளியேற முடியாதவர் துணையோடு வர வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதி வைத்துள்ளன. தனியே போக முடியும் என்றால் எதையெல்லாம் தாமாகவே செய்துகொள்வீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

முந்தின நாள் வீட்டில்

நாற்காலியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். சக்கரம், பிரேக், கால் தாங்கி எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். சேதம் என்று புகார் செய்யும்போது முன்பு எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

பிறகு ஒரு தாளில் குறிப்பு எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகுப் பகுதியில் கட்டுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், சரக்கு ஏற்றுபவர் வாசிக்க வேண்டும். எந்த இடத்தைப் பிடித்துத் தூக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது, எப்படி மடக்குவது என்று மூன்றே வரிகள். என் நாற்காலியில் அம்மா சிவப்புத் துணிநாடா சுற்றி வைத்திருக்கிறார். சிவப்பு உள்ள இடத்தில் கை வைக்கலாம் என்று தாளில் எழுதியிருக்கிறேன். மொழியே தெரியாதவருக்கும் அது புரிகிறது.

கழன்று வரக்கூடிய எதையும் நாற்காலியில் விடாதீர்கள். மெத்தை, கைதாங்கி, கழற்றக்கூடிய கால் தாங்கி எல்லாம் ஒரு பையில் உங்களோடு விமானத்துக்குள் வரட்டும். திருகு கழற்றும் சாவிகளைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடலாம். மருந்தும் சிறுநீர்க் குழாயும் கைப்பையில் ஒரு பங்கு, துணையாள் பையில் ஒரு பங்கு. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் நம் உடம்பு காத்திருக்காது.

நிலையத்துக்குப் போவது

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு எளிய வழி, கே.எல். சென்ட்ரலில் இருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு ஓடும் கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில். முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். மின்தூக்கி உண்டு, சாலை நெரிசல் இல்லை. முதல் முனையத்தில் ரயில் நிற்பது 1ஆம் தளம், புறப்பாடு 5ஆம் தளம். எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் இரண்டு முறை பாருங்கள், தவறான முனையத்தில் இறங்கினால் மறுபடி ரயில் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு முன்பே போய்விடுவது என் வழக்கம்.

முதல் முனையத்தின் துணைக் கட்டடத்துக்குப் போகும் ஏரோடிரெயின் 2023 மார்ச்சில் நின்றுபோய், 2025 ஜூலை 1 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அங்கே பஸ்ஸில்தான் போய் வந்தோம். நாற்காலியில் இருப்பவருக்கு ரயிலில் நேராக உருண்டு ஏறுவதற்கும் பஸ்ஸில் ஏற்றி இறக்கப்படுவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் முனையத்தில் நடைதூரம் மிக அதிகம். கைவலி இருந்தால் உதவியாளர் தள்ளட்டும், அங்கே பலத்தைச் செலவழிக்காதீர்கள். விமானத்துக்குள் மாறும்போது அந்தக் கை தேவைப்படும்.

செக்-இன் முகப்பில் கேட்க வேண்டியவை

இணையத்தில் செக்-இன் செய்திருந்தாலும் முகப்புக்கு நேரில் போங்கள். அங்கே நாற்காலியை வாங்கிக்கொண்டு, நிலையத்தின் நாற்காலியில் மாறச் சொல்வார்கள். சொந்த நாற்காலியிலேயே விமான வாசல்வரை வருகிறேன் என்று சொல்லுங்கள். நிலையத்து நாற்காலி அகலமானது, மெத்தை இல்லாதது, தானாக உருட்டவும் முடியாதது. உணர்வில்லாத உடம்பை அதில் இரண்டு மணி நேரம் வைத்தால் புண் வரும். புண் வந்தால் மூன்று மாதம் படுக்கை. இதை அவர்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன், புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்து, இறங்கும் ஊரிலும் நாற்காலி விமான வாசலுக்கே வர வேண்டும் என்று கேட்டு, அதற்கான சீட்டை நாற்காலியில் கட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது பெட்டிகளோடு சுழல்பட்டைக்குப் போய்விடும்.

மூன்றாவது, விமானம் ஏரோபிரிட்ஜில், அதாவது நிலையத்திலிருந்து நேராக விமான வாசலுக்குப் போகும் பாலத்தில், நிற்கிறதா, திறந்த வெளியில் நிற்கிறதா என்று கேளுங்கள். வெளியில் நின்றால் உங்களுக்கு அம்புலிஃப்ட் வேண்டும். லாரி மேல் ஓர் அறை, அந்த அறை அப்படியே உயர்ந்து விமான வாசலோடு ஒட்டி நிற்கும். படியில் நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் போவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 2007 ஜூலையில், மலிவுக் கட்டண விமானங்களுக்காக இருந்து இப்போது மூடப்பட்டுவிட்ட எல்.சி.சி.டி. முனையத்துக்குச் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் திரண்டு போய், நடக்க இயலாதவர்களையும் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அம்புலிஃப்டுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

பாதுகாப்புச் சோதனையில் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். பெண்ணுக்குப் பெண் அதிகாரி, தனி அறை என்று கேட்கலாம். சிறுநீர்ப் பை கட்டியிருந்தால் அவர்கள் கை வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாசலிலிருந்து இருக்கைக்கு

பொதுவாக நம்மை முதலில் ஏற்றுவார்கள், கடைசியில் இறக்குவார்கள். வாசலில் உங்கள் நாற்காலியிலிருந்து ஓர் ஒடுங்கிய நாற்காலிக்கு மாற வேண்டும். ஊழியர்கள் அதை ‘ஐல் சேர்’ என்பார்கள். ஏறக்குறைய ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலியின் பாதி அகலம்தான், மார்பிலும் தொடையிலும் வார் போட்டுக் கட்டுவார்கள். முதல் தடவை மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். கால்களையும் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதம் சரிந்து தரையில் இழுபடும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கும் இருவரிடமும், அவர்கள் கை வைக்கும் முன்பு, பேசுங்கள். “சாயா தாக் போலே பெர்டிரி”, என்னால் நிற்க முடியாது. இதை முதலில் சொன்னால், இழுத்து நிறுத்தப் பார்க்க மாட்டார்கள். பிறகு முறையைச் சொல்லுங்கள். ஒருவர் பின்னால் நின்று என் அக்குளுக்கு அடியில் கைவிட்டு, மார்பின் குறுக்கே மடங்கிய என் முன்கைகளைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலுக்கு அடியில். நான் மூன்று எண்ணிய பிறகு தூக்க வேண்டும். எண்ணுவது எப்போதும் நானாகவே இருப்பேன். ஒரு முறை அவசரத்தில் ஒருவர் என் வலது கையை மட்டும் பிடித்து இழுத்தார், தோள் ஆறு வாரம் வலித்தது. தோள்தான் எனக்குக் கால். அன்றிலிருந்து எண்ணும் வேலையை நான் யாருக்கும் விடுவதில்லை.

இருக்கையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கால் நீட்ட இடம் இருப்பதால் முதல் வரிசைதான் வசதி என்கிறார்கள். முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருக்கும், ஆகவே அந்தக் கைப்பிடி மேலே தூக்காது. பக்கவாட்டில் நகர்ந்து உட்காருபவருக்கு அது சுவர்போல நிற்கும். மற்ற வரிசைகளில் நடைபாதைப் பக்கக் கைப்பிடியின் அடியில், கீலுக்கு அருகில், ஒரு சிறிய நெம்பு பல விமானங்களில் இருக்கிறது. அதை அழுத்தினால் கைப்பிடி உயரும். பணியாளரிடம் கேளுங்கள். ஆபத்துக்கால வாசல் வரிசை நமக்குத் தர மாட்டார்கள். ஜன்னலோரம் உட்காரச் சொல்வதும் உண்டு, மற்றவர்கள் வெளியேறும் வழி அடைபடாமல் இருக்க. அப்படியானால் இரண்டு இருக்கைகளைக் கடந்து நகர வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெத்தையை இருக்கை மேல் போட்டு அதில் உட்காருங்கள். காற்று மெத்தை என்றால் கவனம் தேவை. பறக்கும்போது அறையின் அழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதுபோல் இருக்கும். மெத்தை உப்பி, கல்போல் இறுகும். மேலே ஏறியதும் கொஞ்சம் காற்றை வெளியேற்றி, இறங்கியதும் நிரப்புங்கள். கைப்பம்பு பையில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள், முடியாதவர் பக்கவாட்டில் சாயுங்கள்.

யாரும் பேசாத விஷயம்

கழிப்பறை. ஒற்றை நடைபாதை விமானத்தின் கழிப்பறையில் நடப்பவரே திரும்புவது கடினம். திருச்சிப் பயணம் நான்கு மணி நேரத்துக்குள்தான், ஆனால் வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்குப் போட்டால் பத்து மணி நேரம் ஆகிவிடும். அதற்குப் பயந்து முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் செய்திருக்கிறேன், ஊருக்குப் போன மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சலில் கிடந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, நான் மாடி அறையில். தயவு செய்து தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஏறுவதற்குச் சற்று முன் நிலையத்தின் ஓ.கே.யு. கழிப்பறையில் சிறுநீரை முழுவதுமாக வெளியேற்றுங்கள். பயணத்தில் மட்டும் காலில் கட்டும் பையைப் பயன்படுத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வாரத்துக்கு முன் கேளுங்கள், வீட்டில் ஒரு நாள் பழகிப் பாருங்கள். நெஞ்சின் நடுப்பகுதி அளவிலோ அதற்கு மேலேயோ முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறலாம். அவர்களுக்கு இது கூச்சப்படுகிற காரியம் இல்லை, உயிர்க் காரியம்.

இறங்கிய பின்

எல்லோரும் போன பிறகு ஐல் சேர் வரும். உங்கள் சொந்த நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது என்று பணியாளர் சொல்லும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள். வேறு நாற்காலியில் ஏறிவிட்டால் பிறகு உங்களுடையதைத் தேட யாருக்கும் அவசரம் இருக்காது.

நாற்காலியில் உட்காரும் முன் துணையாள் அதைச் சுற்றிப் பார்க்கட்டும். சக்கரம் நேராக ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, சட்டம் வளைந்திருக்கிறதா? சேதம் இருந்தால் சுங்கத்தைத் தாண்டி வெளியே போவதற்கு முன் அங்கேயே அறிக்கை எழுதி வாங்குங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்கென மலேசியாவும் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அளவெடுத்துச் செய்த நாற்காலிக்கு அது பல நேரங்களில் போதாது. அப்படிப்பட்ட நாற்காலி உங்களுடையது என்றால், செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாகப் பதியச் சொல்லுங்கள். கூடுதல் கட்டணம் கேட்கலாம், ஆனால் அந்த வரம்பு உங்களைக் கட்டுப்படுத்தாது.

மலேசியாவில் 2016 முதல் விமானப் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறிமுறை நடப்பில் இருக்கிறது, உடற்பேறு குறைந்தோருக்கான விதிகளும் அதில் உண்டு. புகாரை முதலில் விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள், 30 நாட்களுக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதுங்கள். முன்பு இத்தகைய புகார்களைக் கவனித்த மாவ்காம் என்ற அரசு ஆணையம் 2025 ஆகஸ்டு 1 முதல் அதனோடு இணைந்துவிட்டது.

ஊரில் இறங்கிய மகிழ்ச்சியில் திரும்பும் பயணத்தை மறந்துவிட வேண்டாம். போகும்போது செய்த பதிவு வரும்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே மறுபடி அழைத்து, ‘சி’ என்று இருக்கிறதா என்று கேளுங்கள். திருச்சியில் தூக்க வரும் தம்பிகளிடம் தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்லலாம். சென்ற முறை அவர்களில் ஒருவர், நான் வாய் திறக்கும் முன்பே, “அண்ணே, நீங்களே எண்ணுங்கள்” என்றார்.